எட்டுப் பவுண்டுக் காற்று

இன்று காலை அம்மாபேட்டையில் உங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது, நடுத்தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் புளித்த அரிசிக் கஞ்சியின் வாசனை. மற்றவர்களுக்கு அது வேட்டியையோ சேலையையோ நினைவூட்டும். எனக்கு ஒரு இங்கிலீஷ் காரை நினைவூட்டுகிறது. இப்படி நினைவு வரக்கூடியவர்கள் உலகத்தில் இரண்டு பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்.

அந்த நாட்களில் உங்களை "நீ" என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிட நீங்கள் நான்கு வயது மூத்தவர். ஆனால் ஜமீன்தார் போன்ற நிலக்காரரான மிட்டாதாரின் பங்களாவில் நான் கணக்கெழுதும் ரைட்டர், நீங்கள் டிரைவர். அங்கே வயது அந்த வரிசையில்தான் ஏறும். இப்போது மரியாதையாக எழுதுகிறேன். மிகவும் தாமதமானது என்பதும், எனக்கு ஒரு சிரமமும் இல்லாதது என்பதும் தெரியும்.

ஏற்காட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு தோட்டத் துரையிடம் மிட்டாதார் வாங்கிய கார் அது. எஞ்சினோடு சேர்ந்து ஒரு இரும்புப் பெட்டிக்குள் உருளைகள் சுழன்றுகொண்டிருக்கும். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது அதன் வேலை. காரோடு வந்த புத்தகம் அதை சூப்பர்சார்ஜர் என்றது, நீங்கள் ஊதுபெட்டி என்றீர்கள். காற்றின் அழுத்தத்தைக் காட்ட உங்கள் முன்னால் ஒரு முள். மேடு ஏறும்போது அது எட்டுப் பவுண்டு காட்ட வேண்டும். ஆறு மாதத்தில் மூன்றுக்கு மேல் எழ மறுத்தது. கார், அதன் முதலாளியைப் போலவே, சிறு மேட்டுக்கும் மூச்சு வாங்கத் தொடங்கியது.

மிட்டாதார் தம் மகளுக்குக் கோயமுத்தூர்ப் பக்கம் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். வரப்போகும் சம்பந்தியை அந்தக் காரில் ஏற்காட்டுக்கு அழைத்துப்போவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

"வெள்ளிக்கெழமைக்குள்ள முள்ளு எட்டுக்கு வந்தாகோணும். இல்லீன்னா டிரைவரை மாத்திப்புடுவேன், சொல்லிப்புடு" என்றார் என்னிடம். நீங்கள் மூன்றடி தள்ளித்தான் நின்றீர்கள். ஆனால் அவர் டிரைவரோடு நேரே பேசுவதில்லை, டிரைவரும் அவரோடு பேசக்கூடாது. இரண்டு பக்கத்துப் பேச்சும் என் வாய் வழியாகத்தான் போய் வரும். அதைப் பெரிய பதவி என்று நினைத்திருந்தேன்.

உங்களுக்கு அந்த வேலை போனால் திரும்பிப் போக இடமில்லை. அப்பாவோடு சண்டை போட்டுத் தறியை விட்டு வந்தவர். உங்கள் தறியில் தம்பி உட்கார்ந்துவிட்டார்.

அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அழுத்தம் குறைந்தால் முதலில் குழாய் மூட்டுகளில் கசிவு பார், அடுத்து மிகுந்த காற்றை வெளியே விடும் வால்வின் ஸ்பிரிங்கைப் பார், கடைசியாகத்தான் பெட்டியைச் சந்தேகப்படு என்று அதில் இருந்தது. நான் கடைசியிலிருந்து தொடங்கினேன். பெட்டிக்குள் உருளைகள் தேய்ந்துவிட்டன, லண்டனுக்கு எழுத வேண்டும் என்றேன். லண்டனுக்குக் கடிதம் எழுதும் வாய்ப்பு ஒரு ரைட்டருக்கு அடிக்கடி வராது.

"உருளையெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, ரைட்டர். கையால சுத்திப் பாத்தனுங்க, எங்கியும் ஒரசல. காத்துதான் வழியில எங்கியோ போவுதுங்க."

"பொஸ்தகத்துல அப்படி இல்லியே" என்றேன். புத்தகத்தில் முதல் வரியே அதுதான்.

"பொஸ்தகம் இந்தக் காரைப் பாத்ததில்லீங்களே!"

வியாழக்கிழமை காலை உங்கள் தங்கை வீட்டிலிருந்து ஒரு சட்டி பாவுக் கஞ்சி கொண்டுவந்தீர்கள். எஞ்சினை நிறுத்தி, காற்று நுழையும் வாயைத் துணியால் அடைத்து, அதில் டயர் பம்பைச் செருகிக் காற்றடித்தீர்கள். என் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து மூட்டு மூட்டாகக் கஞ்சி தடவச் சொன்னீர்கள். குழாய் எஞ்சினோடு சேரும் மூட்டின் அடிப்பக்கத்தில், மீன் மூச்சு விடுவதுபோலக் குமிழி குமிழியாக வந்தது.

"பாத்தீங்களா?"

பார்த்தேன். "புளிச்ச கஞ்சி சட்டியிலயுந்தான் நுரைக்குது" என்றேன்.

"அப்ப மத்த எடத்துல மட்டும் அது ஏனுங்க புளிக்கல?" என்று சிரித்தீர்கள்.

மூட்டுக்குள் இருக்கும் பாக்கிங் அட்டை கிழிந்திருக்கும், புதிதாக வெட்டிப் போட அரை நாள் வேண்டும் என்றீர்கள். அதற்குள் மிட்டாதார் காரைக் கேட்டுவிட்டார். நான் சும்மா இருக்கக்கூடாதே என்று, ஸ்பானரால் வால்வு ஸ்பிரிங்கை ஒரு திருகு திருகினேன். கொண்டப்பநாயக்கன்பட்டி வரை ஓட்டினீர்கள். மலையடிவார மேட்டில் முள் எட்டைத் தொட்டது. மிட்டாதார் தொடையில் தட்டிக்கொண்டார்.

"என்னய்யா பண்ணுனே?"

"புத்தகப்படி ஸ்பிரிங்கை முடுக்கினேனுங்க" என்றேன்.

திரும்பி வந்ததும் கார்க்கொட்டகையில் என்னைத் தனியாக நிறுத்தினீர்கள். "ஸ்பிரிங்கு இல்லீங்க. எஞ்சின் சூட்டுல கஞ்சி வெந்து ஓட்டையை அடைச்சிருக்குது. மலை முச்சூடும் தாங்காதுங்க. நாளைக்கு மத்தியானமாப் போலாம்னு சொல்லுங்க, காலையில பாக்கிங் போட்டர்றேன். நீங்க சொன்னாத்தானுங்க கேப்பாரு."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை. அதைச் சொன்னால் ஸ்பிரிங் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மிட்டாதாரும் சம்பந்தியும் பின்னால், நான் உங்கள் பக்கத்தில், காலையில் கார் கிளம்பிற்று. மிட்டாதார் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள். மூன்றாவது வளைவில் முள் எட்டிலிருந்து மூன்றுக்கு விழுந்தது. நான்காவதில் கார் நடக்க ஆரம்பித்தது, ஐந்தாவதில் நின்றது. சம்பந்தி இறங்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "பரவாயில்லீங்க, நடந்தா நல்லாப் பசிக்கும்" என்று முன்னால் போனார்.

பானட்டைத் திறந்தால், சீமை எஞ்சின் மேல் கருகிய கஞ்சி, தோசைக்கல்லில் ஒட்டியதுபோல வெடித்துக் கிடந்தது.

"காருக்குக் கஞ்சி ஊத்துன மடையன் எவன்டா?"

மிட்டாதார் உங்களிடம் நேரே பேசியது அன்றுதான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை அது. நான் பேசுவதற்கு இடம் விட்டீர்கள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கவனமாக அதற்குப் பிறகு ஒருநாளும் துடைத்ததில்லை.

"நாந்தானுங்க சாமி" என்றீர்கள்.

சாவியை வாங்கிக்கொண்டார். நீங்கள் மலையிறங்கி நடந்தீர்கள். வளைவு திரும்பும்வரை உங்கள் முதுகு தெரிந்தது.

மதராஸிலிருந்து வந்த ஃபிட்டர் அந்த ஒரு மூட்டைப் பிரித்தார், கிழிந்த பாக்கிங்கை எறிந்துவிட்டுப் புதியது போட்டார், முள் எட்டுக்குப் போயிற்று. நான் லண்டனுக்கு எழுதி வரவழைத்த உருளைகள் இன்றைக்கும் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. கல்யாணமும் நடந்தது. சம்பந்திக்கு அந்த நடை பிடித்திருந்ததாம். உங்களைத் தவிர யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை.

கிழிந்த பாக்கிங்கை நான் பொறுக்கி வைத்துக்கொண்டேன், உங்களிடம் கொடுத்துச் சொல்வதற்காக. பங்களாவிலிருந்து உங்கள் தெரு இரண்டு மைல். பத்து வருஷம் பிடித்தது. அதற்குள் நீங்கள் லாரி ஓட்டி, போர் வந்து பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் லாரி ஓட்டி, போன மாதம் காய்ச்சலில் போய்விட்டீர்கள்.

இன்று உங்கள் தங்கை பாவை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ரைட்டருங்களா? அண்ணன் சொல்லுமுங்க. குமிழியை அவரும் பாத்தாரு, ஒருநாளைக்கு வந்து சொல்லுவாருன்னு."

பாக்கிங்கை நீட்டினேன். "உங்கண்ணன் சொன்ன எடத்துலதாம்மா கிழிஞ்சிருந்துச்சு. அவர் சொன்னதுதான் சரி."

தங்கை அதை வாங்கவில்லை. "அது எங்களுக்குத் தெரியுமுங்களே. மிட்டாதாருகிட்டச் சொன்னீங்களா?"

மிட்டாதார் இருக்கிறார். எழுபது தாண்டியும் காது நன்றாகக் கேட்கிறது. பெட்ரோல் கிடைக்காமல் கொட்டகையில் கிடக்கும் காரைக் காட்டி, "கஞ்சி ஊத்துனான் ஒருத்தன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். நானும் கூடவே சிரிக்கிறேன்.

பாக்கிங் மறுபடி என் சட்டைப் பையில் இருக்கிறது. இதை எழுதும் மேஜைக்கும் அவருடைய நாற்காலிக்கும் நடுவே பதினோரு அடி. அவர் விழித்துத்தான் இருக்கிறார்.