பின்னாலிருந்து கூப்பிடாதவனுக்கு

மாப்ளே,

இன்று காலை சமையலறையில் வரமிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். அடுக்கடுக்காகத் தும்மல். பெங்களூரில் பதினோராவது மாடியில் நின்று தும்மினால் 'நூறு' என்று சொல்ல ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்தபிறகு இந்த வீட்டில் நான் ஒருத்தன்தான். செவ்வாய்ப்பேட்டை மாடியறையில் நான் தும்மியபோதெல்லாம் நீயும் நூறு சொன்னதில்லை. "தும்மி முடிச்சிட்டீன்னா அடுத்த கேள்விக்கு வா" என்பாய்.

கீழே மிளகாய் மண்டி, மேலே நம் அறை. எண்பதுகளின் நடுவில், பொறியியல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இரண்டு பேருக்கு அந்த நெடிதான் கட்டுப்படியானது. பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி சிஸ்டம்ஸ் இன்ஜினியர்களை எடுக்கிறது என்று பேப்பரில் பார்த்து இருவரும் விண்ணப்பித்தோம். நேர்முகத் தேர்வுக்கு எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. அந்த வருஷம் எனக்கு வந்த ஒரே அழைப்பு அது. அன்று நீ சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் துண்டை டை மாதிரி கழுத்தில் முடிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாய்.

"எனக்கு வயிறு எரியுதுடா. அது ஒருபக்கம் எரியட்டும். நீ வெளிய போயி, மறுக்கா கதவத் தட்டிட்டு உள்ள வா."

கம்ப்யூட்டரை நாம் கல்லூரியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தரிசனம் செய்ததோடு சரி. ஆனாலும் நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். பேங்கில் மிஷின் நின்றுவிட்டது, மேனேஜர் கத்துகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? நான் மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்க ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவாய். "மொதல்ல கரண்ட்டு வருதான்னு பாருடா. படிச்சதையெல்லாம் அப்பறமாச் சொல்லு."

போகிற நாளில் விடியும்போதே கிளம்பினேன். ஓசூரைத் தாண்டிய பிறகுதான் மடியைப் பார்த்தேன். சான்றிதழ் ஃபைல் இல்லை. அழைப்புக் கடிதம் மட்டும் சட்டைப் பையில் இருந்தது. கம்பெனி வாசலில் இருந்தவர் முகம் கோணாமல் சொன்னார், அசல் சான்றிதழ் இல்லாமல் உள்ளே அனுப்ப முடியாது. இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, ஊருக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மதியத்துக்கு மேல் நீ என் முன்னால் வந்து நின்றாய். தலை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளைப் பொடி. ஜவ்வரிசி மூட்டை லாரியில் ஏறி வந்திருக்கிறாய். கையில் என் ஃபைல்.

"ஃபைல உட்டுட்டுப் போனத எப்படா பாத்தே?"

"நீ தெருவுல எறங்கி நடக்கறப்பவே பாத்தன்."

"அப்பவே ஒரு சத்தம் போட்டிருக்கலாமல்ல?"

"போறவனப் பின்னால இருந்து கூப்புட்டா காரியம் ஆகுமாடா? உங்கம்மா என்னைய உசுரோட உடுமா? முன்னால வந்து குடுத்தறலாம்னு சந்துல பூந்து ஓடுனன். மூட்டை வண்டிக்காரன் குறுக்க நிறுத்திப்போட்டான். வந்து பாத்தா பஸ்ஸக் காணோம்."

கோயில் வாசலைக்கூட மிதிக்காதவன் நீ. சகுனம் பார்க்கிற என் அம்மாவை நாள் தவறாமல் கிண்டல் செய்தவன். எனக்கு ஒரு காரியம் என்றதும் உன் வாய் தானாக மூடிக்கொண்டது. அன்று எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மிஷின் நின்றால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டார்கள், கிட்டத்தட்ட உன் வார்த்தையிலேயே. கரண்ட் வருகிறதா என்று பார்ப்பேன் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்காமல், அதற்கடுத்து என்ன என்று கேட்டார். அதற்கடுத்து நான் பேசியதெல்லாம் மிளகாய் மண்டி மேலே தும்மித் தும்மிப் பேசியதுதான். வேலை கிடைத்தது.

நீ உன் அப்பாவின் போர்வெல் வண்டியோடு வடக்கே போனாய். நான் ஊருக்கு வந்து திரும்புகிற சமயம் நீ அங்கே இருந்தால் பஸ் ஸ்டாண்டு வரை வருவாய். ஏறிய பிறகு ஒரு சத்தம் கிடையாது. நானும் திரும்பிப் பார்த்ததில்லை. போகப் போக வருகை குறைந்தது, பேச்சும் குறைந்தது. நமக்குள் சண்டை ஒன்றுமில்லை. இருவருக்கும் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் திருச்செங்கோட்டில் உன் வீட்டுக்கு வந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்போது, பின்னாலிருந்து உன் பேரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டேன். துக்கம் தாங்காமல் கத்துகிறேன் என்று உன் தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். "உடுங்கண்ணா, போறவரு போகட்டும்" என்றான். போகக்கூடாது என்றுதான் கூப்பிட்டேன். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

இப்போதெல்லாம் கதவைப் பூட்டிவிட்டு, லிஃப்ட் வரை நடந்து, கொஞ்சம் நிற்கிறேன். கண்ணாடியோ பையோ ஏதோ ஒன்றை மறந்துதான் இருப்பேன். பின்னால் ஒரு சத்தமும் வருவதில்லை. மாப்ளே, நான் போகிற இடத்தில் இப்போது எனக்கு எந்தக் காரியமும் இல்லை. நீ தைரியமாகக் கூப்பிடலாம்.