லெட்சுமி அக்காவின் கால்

மார்ச் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடுபனி. துவைத்த போர்வை இரண்டாம் நாளும் காயவில்லை. தேயிலை பாக்டரியில் தூள் சலிக்கும் மெஷின் பழுது. மதியத்தோடு வீடு.

பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா மூன்று நாளாக நாற்றுத் தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. எட்டிப் பார்த்தேன். வலது கால் பெருவிரல் கறுத்திருக்கிறது. வாடை. பூட்ஸுக்குள் முள்ளோ ஆணியோ குத்தி, தெரியவே இல்லையாம். இனிப்பு நீர் வியாதி வேறு, கால் மரத்துக் கிடக்கிறது.

"ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் எஸ்தரு. அவரு நடந்துதான் போனாரு, திரும்பி வந்தாரா? நீ ஜெபம் பண்ணு, அது போதும்லா."

அவரு என்றால் அக்காவின் கணவர். நெஞ்சு வலி என்று போனவர்.

அக்கா முருகனைக் கும்பிடுகிறவர். என்னிடம் ஜெபம் கேட்பது இதுதான் முதல் தடவை.

"பண்றேன் அக்கா. ஆனா காலையில ஏழு மணிக்குக் காடியில ஏறணும். ரெண்டும் சேத்துத்தான்."

முறைத்தார். அப்புறம் காலை நீட்டினார். பாதத்தில் கை வைத்தேன். கொதித்தது. "ஆண்டவரே, இந்தக் கால் நடக்கணும்." அவ்வளவுதான். நீளமாக வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

தூறல். காரை என் வீட்டுக்காரர் தேவா ஓட்டினார். லெட்சுமி அக்காவுக்கு வளைவுக்கு வளைவு வாந்தி. தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னார். விரலை எடுத்தாக வேண்டும். இன்னும் சில நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கும். இன்றே மலைக்குக் கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார். "இதுக்குத்தான் ஜெபம் பண்ணியா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் கதவு சாத்துமுன் அதை உள்ளே வைத்தேன்.

அக்காவுக்கு வாங்க: தைலம், காலுறை, இனிப்பில்லாத பிஸ்கட், பெரிய அளவு ரப்பர் செருப்பு. எனக்கு: குழம்புத்தூள்.

மார்ச் 5, புதன்

வெயில், ஒரு மணி நேரம். போர்வை காய்ந்தது.

விரலை எடுத்துவிட்டார்கள். அங்குள்ள நர்ஸ் மிஸ்ஸி போனில் சொன்னார். விரல் மட்டும்தான்.

தூள் சலிக்கும்போதெல்லாம் ஜெபம். வாயில் துணி கட்டியிருப்பதால் முணுமுணுப்பது யாருக்கும் தெரியாது. தப்பாகக் கேட்டேனா? இல்லை. கால் நடக்கட்டும் என்று கேட்டேன். விரலை எண்ணிக் கேட்கவில்லை. அம்மா படுக்கையில் கிடந்தபோதும் கேட்டேன், எழுந்திருக்கவில்லை. ரொம்ப அழுதேன். ஆனால் நிறுத்தவில்லை. ஒரு நாள் சோறு குழைந்துவிட்டது என்று மறுநாள் உலை வைக்காமலா இருக்கிறோம்.

தலைவலி. சீக்கிரம் படுக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

மழை. லெட்சுமி அக்கா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டு மாற்றுவது என் வேலை. கிளினிக்கில் கற்றுக்கொடுத்தார்கள். புண் கறுப்பு மாறி இளஞ்சிவப்பு. கிளினிக் மிஸ்ஸியும் பார்த்து, நல்லா ஆறுது என்றார்.

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கால் போகவேண்டியது, ஒரு விரலோட விட்டிருச்சு. அன்னிக்கு உன்மேல எரிஞ்சு விழுந்துட்டேன் எஸ்தரு."

"நானும்தான் அக்கா. உள்ளுக்குள்ள ஆண்டவர்கிட்ட சண்ட போட்டேன்."

"உன் சாமிகிட்டயா? அப்புறம்?"

"ஒன்னும் கோவிச்சுக்கல."

சிரித்தார். கட்டுப் போட்டு முடித்ததும் காலை அவரே என் பக்கம் நகர்த்தினார்.

"ம், ஜெபத்த ஆரம்பி. டீ ஆறிடும்."

ஏப்ரல் 6, ஞாயிறு

நல்ல வெயில். மலை முழுக்கப் பச்சை, கண் கூசுகிறது.

சபைக்குக் கிளம்பும்போது லெட்சுமி அக்கா வாசலில். கம்பு ஊன்றி, நெற்றியில் விபூதியோடு. "நானும் வாரேன். சும்மா உக்காந்திருப்பேன்." மேடு ஏற நிறைய நேரம். இரண்டு தடவை நின்றோம். நடந்தே வந்தார்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். யாருக்காவது ஜெபிக்க வேண்டுமா என்று போதகர் கேட்டார். அவரவர் சொன்னார்கள்: முட்டி வலி, கண் ஆபரேஷன். பின்னால் ஒரு கை. அக்கா.

"ஈப்போவுல என் பக்கத்துக் கட்டில்ல ஒரு சீனத்தம்மா இருந்தாங்க. ரெண்டு காலும் எடுத்தாச்சு. பாக்க யாருமே வரல. எனக்கு அவங்க பாஷை தெரியாது, பேரும் தெரியாது. அவங்களுக்குக் கேளுங்க."

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் முழங்காலிட்டோம். அக்காவால் முடியாது, உட்கார்ந்தபடியே கை கூப்பினார். பெயர் தெரியாமலே கேட்டோம்.