சாய்ந்த முதுகுப் பெஞ்சுகள்

அன்புள்ள எவ்லின் அக்காவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பெஞ்சு வேலையை மேற்பார்க்க இந்த ஊர்த் தச்சுப் பட்டறைக்கு வந்திருக்கும் எனக்குக் களைப்பு மட்டும்தான்.

நம் தேவாலயப் பெஞ்சுகளின் முதுகைத் தச்சர் ஷாபான் சாய்வாக வைத்துவிட்டார். நிமிர்ந்தே உட்காரப் பழக்கும் கன்னியர் மடப் பள்ளியில் படித்த நான் விடுவேனா?

"பிரசங்கத்தில் எல்லாரும் தூங்குவார்கள். நிமிர்த்துங்கள்" என்றேன்.

"இனி நிமிர்த்தினா பெஞ்சு ஈஸ்டருக்கு வந்து சேராதும்மா. உட்கார்ந்துதான் பாருங்களேன்."

உட்கார்ந்தேன். விழித்தபோது மரம் அறுக்கும் இயந்திரங்கள் நின்றிருந்தன. என்மேல் அவருடைய கோட்டு.

"நீங்க சொன்னது சரிதாம்மா, தூங்கத்தான் செய்றாங்க!" என்று பட்டறையே சிரித்தது.

அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டேன். ஈஸ்டருக்குப் பெஞ்சுகள் வந்துவிடும்.

இங்கே அவரைப் பருப்பிலும் நெய் ஊற்றுகிறார்கள். நெய் தொடக்கூடாத தவக்காலத்தில் எனக்கு வெறும் ரொட்டிதான். தொட்டுக்கொள்ள எள் அரைத்த பசை ஒரு டப்பா அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதுங்கள். ஊர்வம்பானாலும் பரவாயில்லை.

பெஞ்சுகளுக்கு மெருகு போடுபவர் கூப்பிடுகிறார்.

உங்கள் தங்கை,
மாத்தில்ட்