நீ அவுட்டாக்காத ஆள்

கூட்டாளி,

இன்று காலை கொழும்பு ரயிலில் வந்த பேப்பரை விரித்தபோது மை இன்னும் சரியாகக் காயவில்லை, விரலில் ஒட்டியது. உள்பக்கத்தில் இலங்கை கிரிக்கெட் அணியின் படம். முன்வரிசைக் கதிரைகளில் அந்தக் கொழும்பு ஆட்டக்காரனும் உட்கார்ந்திருக்கிறான். கொஞ்சம் தொப்பை போட்டுவிட்டது. உன்னிடம் காட்டலாமென்று கை தானாகவே பேப்பரை மடித்தது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் மூன்று வருடமாகிறது என்பது மடித்த பிறகுதான் உறைத்தது.

அந்த அணிமேல் உனக்கிருந்த பைத்தியம் கண்டி ரயிலடி வரைக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவுக்குப் போகிற இங்கிலாந்துக்காரர்கள், கப்பல் கொழும்பில் நிற்கும் ஒரு நாளில் இறங்கி நம்மவர்களோடு ஆடுவார்கள். அதைப் பார்க்க நீ பன்வில தோட்டத்துத் துரையிடம் லீவு கேட்டுக் கேட்டே உன் தாத்தாவை இரண்டு முறை சாகடித்தாய். நாம் போன அன்று நம்மவர்கள் தேத்தண்ணி நேரத்துக்கு முன்பே சுருண்டார்கள். திரும்பும் ரயிலில் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நீ சிரித்தாய்.

"அவனுங்களுக்குக் காலு இன்னும் கப்பல்ல ஆடுது. நம்மாளுகளுக்குப் பயத்துல ஆடுது. ஒருநாளைக்கு நிக்கும், பாரு."

நான் நம்பவில்லை. ஆனால் நின்றது. வருடாவருடம் எதிரெதிராக ஆடிய வெள்ளைக்காரரும் நாட்டுக்காரரும் ஒரே தொப்பி போட்டுக்கொண்டு ஒரே அணியாக இறங்கினார்கள். சிங்களப் பெயரும் பறங்கிப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒன்றாக அச்சாகியிருந்த பட்டியலை வெட்டி, உன் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டினாய். உன் அம்மாவால் அதற்குக் கீழேதான் மாதாவின் படத்தை மாட்ட முடிந்தது. கோபித்துக்கொண்டார், ஆனால் கிழிக்கவில்லை.

பிறகு அந்த அணி இந்தியாவுக்குப் போகப் போகிறது என்ற செய்தி வந்தது. உன் அப்பா காடும் மேடும் நடந்து இந்த மலைக்கு வந்தவர். அம்மா தன் அக்காவை அந்தக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தவர். அவர்கள் விட்டு வந்த நாட்டுக்கு ஒரு தோட்டத்துக் கிளாக்கர் இலங்கைத் தொப்பியோடு போவதென்றால் சும்மாவா? "பெரியம்மாவ ஒருதரம் பாத்துட்டு வந்துரு, அது போதும்," என்றார் அம்மா. உன் இடதுகைச் சுழல்பந்து அப்போது கண்டியில் எவனுக்கும் பிடிபடவில்லை. ஆள் பொறுக்குகிறவர்கள் ஒரு சனிக்கிழமை உன்னைப் பார்க்க வந்தார்கள். கொழும்பு கிளப் ஒன்றோடு ஆட்டம்.

தேங்காய்த் தும்புப் பாயை விரித்து ஆணியடித்து அதன்மேல் ஆடுகிற காலம். நம் கிளப்பில் அந்த வேலையைக் கூலியாளிடம் விடுவதில்லை. ஒரு முனையைப் பந்து போடுகிறவன் அடிக்க வேண்டும், மறுமுனையை விக்கெட் கீப்பரான நான் அடிக்க வேண்டும். நீ உன் முனையை அடித்து முடித்தாய். என் முனையில் ஒரு மூலை பாக்கி இருந்தது.

உச்சிவேளைக்குள் நான்கு பேரை அனுப்பிவிட்டாய். ஆள் பொறுக்க வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்போதுதான், இன்றைய படத்தில் இருக்கிற அந்தக் கொழும்புக்காரன் உன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினான். இரண்டடி வைத்ததும் சப்பாத்து நுனி பாய் மூலையில் சிக்கி, குப்புற விழுந்தான். பந்து உன் கையில். அவன் ஓடிச் சேரவேண்டிய ஸ்டம்பு உன் பக்கத்தில். "அடிடா!" என்று நான் கத்தினேன். சட்டப்படி அவன் அவுட்.

நீ அடிக்கவில்லை. "பாய் நாங்க அடிச்சது. எந்திரிச்சு வாங்க," என்று அவனைக் கோட்டுக்குள் விட்டாய். பிறகு நேராக என் முனைக்கு வந்து பார்த்தாய். மூலையில் ஆணி இல்லை. என்னை ஒருதரம் பார்த்தாய். நான் ஹந்தானை மலையைப் பார்த்தேன். நம் கேப்டன் வந்து யார் அடித்த மூலை என்று கேட்டபோது, "நான்தான், விட்டுப்போச்சு," என்றாய். "பாய்க்கு ஆணியடிக்கத் தெரியாதவனுக்கு இந்தியா எதுக்கு?" என்று அந்த மனுஷன் மரத்தடி வரை கேட்கும்படி சத்தம் போட்டான். நான் குனிந்து என் கையுறையைச் சரிசெய்தேன்.

விழுந்தவன் எழுந்து நூறு அடித்தான். அவன் பெயர் பட்டியலில் வந்தது. உன் பெயர் வரவில்லை. அணி இந்தியாவில் ஆடிய நாட்களில் நீ வத்தேகம ஸ்டேஷனில் நின்று, அவன் எடுத்த ஓட்டங்களைப் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாய். "நான் அவுட்டாக்காத ஆளு," என்பாய், மகன் பாஸான மாதிரி. உன்னைப்போல ஒரு மனிதனை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஆனால் அந்த மூலையைப் பற்றி நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிடுவதென்று பன்விலைக்குப் போனேன். "அம்மா, அந்த ஆணி..." என்று தொடங்கியதும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அன்னைக்கே சொல்லிட்டான் தம்பி. நீங்க பாதியில சுத்தியலப் போட்டுட்டு தேத்தண்ணிக் கடையில நின்னு, அவன் இந்தியா போகப்போறான்னு பெருமை பேசிக்கிட்டு இருந்தீங்களாம். அதுல ஆணிய மறந்துட்டீங்களாம். 'எனக்காகத்தானம்மா மறந்தான், அவன ஒன்னும் கேட்டுறாதீங்க'ன்னான்."

அம்மா எனக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்குக் கடையில அவனப் பத்தி என்னதான் சொன்னீங்க?"

சொன்னேன். நீ போடுகிற பந்து எப்படித் திரும்பும், மதராஸில் அதைப் பார்த்து எத்தனை பேர் முழிப்பார்கள், தொப்பியோடு நீ பெரியம்மா வீட்டு வாசலில் போய் நிற்கும்போது அவர் என்ன கேட்பார், எல்லாம். மாதம் ஒருதரம் இப்போதும் போகிறேன். போனதும் அம்மா அதையே கேட்கிறார். நானும் முதலிலிருந்து சொல்கிறேன்.