மாதாவுக்கு நேர்ந்த முட்டி

ஜனவரி 19

இன்றும் முட்டி போட்டுப் பழகினேன். மருமகள் உஷாராணி கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, கதவைச் சாத்திக்கொண்டு, சிமெண்டுத் தரையில். சுவரிலிருந்து பீரோ வரைக்கும் போவதற்குள் உயிர் போய்விட்டது. வில்லியனூர் மாதா கோயிலில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் எப்படிப் போவேன்? ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. போன வருஷம் டேனியல் வண்டியிலிருந்து விழுந்து நினைவில்லாமல் கிடந்தபோது, "எம் புள்ள கண்ணத் தொறந்தா முட்டியாலயே வர்றேன் தாயே" என்று அழுதேன். திறந்தான். திருவிழா ஏப்ரல் கடைசியில். செய்யாவிட்டால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

அதுவரை முட்டியைக் காப்பாற்றி வைக்க வேண்டும். நடப்பதை விட்டுவிட்டேன். பால் வாங்கக்கூடப் போவதில்லை.

ஜனவரி 26

வீங்கிவிட்டது. புடவையை இழுத்து மூடிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 3

உஷாராணி பார்த்துவிட்டாள். டேனியல் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். எக்ஸ்ரே படம் பார்த்த டாக்டரம்மா, மூட்டில் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, வயதில் வருவதுதான், ஆனால் இந்த வீக்கம் எதனால் என்று கேட்டார். வேறு வழியில்லை. சொன்னேன்.

"முட்டியால போறதுக்கு ப்ராக்டீஸா?" பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நடக்கறது?"

"நடக்கறதே இல்லம்மா. தேஞ்சிப்பூடும்னு."

"ரெண்டையும் தலைகீழா பண்ணியிருக்கீங்க. நடங்க. தொடைக்கு பலம் வர்ற பயிற்சி செய்யுங்க. எடையக் குறைங்க. முட்டி மட்டும் போடாதீங்க."

வலிக்கிற காலை நடக்க வைப்பதா? இது இன்னா வைத்தியம்?

டேனியல் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "எனக்காகவாம்மா?" என்றான். அவ்வளவுதான்.

பிப்ரவரி 4

என் முட்டி போனால் போகட்டும். எம் புள்ளைக்கி ஒண்ணு ஆச்சின்னா இன்னா பண்ணுவேன் நானு?

பிப்ரவரி 9

பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய் அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அங்கியை லேசாகத் தூக்கிக் காட்டினார். இரண்டு முட்டியிலும் வலிக்குப் போடும் உறை.

"நானே நாற்காலியில உக்காந்துதாம்மா ஜெபம் சொல்றேன்" என்றார். ஆடிப்போய்விட்டேன். இத்தனை வருஷம் பூசையில் அவர் கையால் நன்மை அப்பம் வாங்குகிறேன், கவனித்ததே இல்லை.

"நேர்த்திக்கடன மாத்திக்கலாம், நான் சொல்றேன். வூட்லேர்ந்து மாதாகிட்ட நடந்து போம்மா."

இவரும் நடக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்களா?

மார்ச் 1

நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கிப் பிடிக்கிறேன். உஷாராணி எதிரே உட்கார்ந்து, "இன்னும் தூக்குங்க அத்த" என்று அதிகாரம் பண்ணுகிறாள். எவ்வளவு திமிர். காலையில் ஏரிக்கரை வரை அவளோடு நடை. முதல் நாள் பாதி வழியிலேயே அவளையும் டாக்டரம்மாவையும் சேர்த்துத் திட்டினேன்.

மார்ச் 22

கட்டிலிலிருந்து கையூன்றாமல் எழுந்தேன். பயந்துபோய் உட்கார்ந்து, மறுபடி எழுந்து பார்த்தேன். நிஜம்தான். வலி இருக்கிறது. ஆனால் கால் என் பேச்சைக் கேட்கிறது.

ஏப்ரல் 27

திருவிழா. வீட்டிலிருந்தே நடந்தோம், டேனியலும் நானும். நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து. கோயில் வாசலில் பெண்கள் முட்டியால் போவதைப் பார்த்ததும் என் கால் தானாக மடங்கப் பார்த்தது. பக்கத்தில் டேனியலைக் காணோம். குனிந்து பார்க்கிறேன் — பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு முட்டி போட்டிருக்கிறான்.

"உன் கடன நான் முடிக்கிறம்மா. நீ நட."

எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. கூட்டமே திரும்பிப் பார்க்க, மாதா முன்னாடியே கத்திவிட்டேன்.

"எழுந்திருடா. நடந்து வா."