நான் சேர்ந்த சின்னக் கல்லூரி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் துறையை மூடிவிட்டார்கள். பயப்பட வேண்டாம், வேறு கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம். நீங்கள் சொன்ன பெரிய கல்லூரியைப் போய்ப் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மறுநாள் போன சின்னக் கல்லூரியிலும் அப்படித்தான். அங்கே கேன்டீனில் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மேசை துடைக்க வந்த அக்கா, "என்னம்மா, சோறு என்ன பாவம் பண்ணுச்சு? ஆறிப்போகுது, சாப்பிடு" என்றார்.

சாப்பிட்டேன். இந்த ஊருக்கு வந்தபின் என்னைச் சாப்பிடச் சொன்ன முதல் ஆள் அவர். அங்கேயே சேர்ந்துவிட்டேன். கோபப்படாதீர்கள், பாடமெல்லாம் ஒன்றுதான்.

நீங்களும் தம்பியும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடுவதைப் போனில் பதிவு செய்து அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்