வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெய்

8.7.1957, பாம்பன்
இன்றும் சல்மா காலைத் தரையில் ஊன்றவில்லை. நோன்புக் கஞ்சி கொட்டி வெந்த புண் ஆறிவிட்டது. பயம்தான் ஆறவில்லை, அவளுக்கும் எனக்கும். என் பிள்ளை இப்படியே உட்கார்ந்தே வளர்ந்துவிடுவாளோ?

10.7.57
இராமநாதபுரம் டாக்டரிடம் போனோம். கட்டோடு மாதக்கணக்கில் அறைக்குள்ளேயே கிடந்ததில், வெயில் தருகிற சத்து கிடைக்காமல் எலும்பு பலவீனமாகிவிட்டதாம். வெந்த தோலில் இப்போதைக்கு வெயில் படவும் கூடாதாம். அதனால் வைட்டமின் டி வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்று ஒரு புட்டி கொடுத்தார். சுறா ஈரல் எண்ணெய். தினம் ஒரு சின்னக் கரண்டி. மோந்து பார்த்தேன். யா அல்லாஹ்!

11.7.57
"உம்மா, இது மாமா கடலுக்குப் போற வள்ளத்துக்குப் பூசுற எண்ணெய். நான் என்ன வள்ளமா?"
ஆறு வயதுக்கு என்ன வாய்! தைரியம் காட்டுகிறேன் என்று அவள் வாப்பா ஒரு கரண்டி குடித்தார். "ஒண்ணுமே இல்லம்மா, பாரு" என்று சிரித்தபடியே கொல்லைப்பக்கம் போனவர், வெகுநேரம் வரவில்லை. காரியம் கெட்டது.

14.7.57
மூக்கைப் பிடித்து ஊற்றினேன். பாதியை என் சேலை குடித்தது. பூனை என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

19.7.57
தம்பி சுஐபு வந்தான். "லாத்தா, இத்துனூண்டு புட்டிக்கா ராம்நாடு வரைக்கும் போனீக? எங்கிட்ட டின் டின்னாக் கெடக்கு." வள்ளத்துக்குப் பூசுவதில் ஒரு டின் சாயங்காலமே வந்துவிட்டது. அதுவும் சுறா ஈரல்தானே? நிறையக் கொடுத்தால் சீக்கிரம் நடப்பாள் என்று அகப்பையால் ஊற்றினோம். எங்கே போனது எங்கள் புத்தி?

20.7.57
விடிந்ததிலிருந்து வாந்தி. பிள்ளை துவண்டுவிட்டாள். அழுதுகொண்டே டாக்டரிடம் ஓடினேன்.
"மருந்துக்கு அளவு உண்டும்மா. அது சுத்தம் பண்ணாத எண்ணெய் வேற. இது பிள்ளையா, பலகையா?"
தலை நிமிரவில்லை நான். ஆபத்தில்லையாம். அல்ஹம்துலில்லாஹ்.

3.9.57
புட்டி மருந்து ஒழுங்காகப் போகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஓர் அடி — ஒரே ஓர் அடி — எடுத்து வைக்க மாட்டேன் என்கிறாள்.

22.9.57
கடற்கரைக்குக் கிளம்பிய சுஐபு, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கையில் டின்னோடு வாசலில் வந்து நின்றான். சல்மா டின்னைப் பார்த்தாள். ஒரே கத்து. சுவரை விட்டுவிட்டு, அடுக்களை தாண்டி, கொல்லை தாண்டி, வேலி வரைக்கும் ஓட்டம்!
"பாத்தீகளா லாத்தா, நம்ம எண்ணெய் வேலை செஞ்சிருச்சு" என்கிறான் இந்த மடையன்.
வேலியோரத்திலிருந்து குரல் வந்தது: "உம்மா, மாமா போயிட்டாகளா?"
அவன் அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான்.
"இன்னும் போகலம்மா, அங்கனயே நில்லு" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.